அடுத்தவர் பாட்டில் ஒரு முழுக் கச்சேரி: கன்ட்ரி இசையின் அஞ்சலி நிகழ்ச்சிகளில் உரிமையும் பணமும் நகரும் வழி

அமெரிக்கக் கிராமியப் பாட்டு மரபில் வளர்ந்த கன்ட்ரி இசை உலகில் ஒரு பாடலாசிரியர் மறைந்தபின், அவருடைய தோழரோ சீடரோ மேடையேறி, அந்த இரவு முழுவதும் மறைந்தவரின் பாடல்களை மட்டுமே பாடுவது நெடுநாள் வழக்கம். நுழைவுச்சீட்டு போட்டு நடக்கும் இந்தக் கச்சேரிகளில் சில, பின்னர் இசைத்தொகுப்பாகவும் ஒளிப்பதிவாகவும் விற்பனைக்கு வருகின்றன. இப்படி ஒரு கச்சேரியின் செய்தியைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு உடனே எழும் கேள்வி, அடுத்தவர் எழுதிய இத்தனை பாடல்களையும் பாட அனுமதி கொடுத்தது யார், வரும் பணம் யாருக்குப் போகிறது என்பதுதான். இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. 2017 மார்ச்சில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் தம் 50 ஆண்டுப் பாட்டு வாழ்வைக் கொண்டாடும் கச்சேரிப் பயணமாக அமெரிக்காவில் இருந்தபோது, இளையராஜா தரப்பு வழக்கறிஞரின் அறிவிப்பு அவருக்குச் சென்றது. இளையராஜாவின் இசையில் அமைந்த பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக்கூடாது என்பது அதன் சாரம். அப்போது எழுந்த விவாதத்தில் பாடியவர், இசையமைத்தவர், பாட்டெழுதியவர், படத்தைத் தயாரித்தவர் ஆகிய நால்வரின் உரிமைகளும் ஒன்றோடொன்று பின்னிக் குழம்பின. கன்ட்ரி இசையில் ஆட்கள் குறைவு, ஆகவே முடிச்சுகளும் குறைவு. அடிப்படையை விளங்கிக்கொள்ள அது வசதியான இடம்.

முதலில் இரண்டு சொற்கள்

கன்ட்ரி இசையில் 'பாடலாசிரியர்' என்றால் சொல்லையும் மெட்டையும் சேர்த்தே உருவாக்குபவர். தனியாகவோ, கூட்டாளிகள் ஓரிருவருடன் உட்கார்ந்தோ, கையில் கிட்டாருடன் அவர் பாட்டைக் கட்டுகிறார். நம் திரையிசையில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தனித்தனி ஆட்கள். அங்கே பெரும்பாலும் ஒருவரே. அதே சமயம் எழுதியவரே பாடிப் புகழ்பெற வேண்டும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் 'மியூசிக் ரோ' பகுதியில் பதிப்பகங்கள் பாடலாசிரியர்களை ஒப்பந்தத்தில் அமர்த்தி, அவர்கள் எழுதும் பாடல்களைப் பாடகர்களிடம் கொண்டுபோய் விற்பதையே தொழிலாக வைத்திருக்கின்றன. கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் 1960களின் நடுவில் நாஷ்வில் வந்தபோது கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். அவர் எழுதிய பாடல்களை முதலில் ஊரறியச் செய்தவை ஜானி கேஷ், ரே பிரைஸ், சாமி ஸ்மித், ஜானிஸ் ஜாப்லின் ஆகியோரின் குரல்கள்தான்.

இரண்டாவது சொல் 'அஞ்சலி'. கூப்பிய கையைக் குறித்த இந்தச் சொல் இன்றைய தமிழில் பெரும்பாலும் இறந்தவருக்கே உரியதாகிவிட்டது. அமெரிக்கர்களோ உயிரோடிருப்பவருக்கும் இதே வகைக் கச்சேரியை நடத்துகிறார்கள். 2016 மார்ச்சில் நாஷ்வில் பிரிட்ஜ்ஸ்டோன் அரங்கில் கிறிஸ்டோஃபர்சனின் பாடல்களுக்கென நடந்த நிகழ்ச்சியில் வில்லி நெல்சன், எமிலூ ஹாரிஸ் முதலியோர் பாட, 79 வயதுப் பாடலாசிரியரும் மேடையேறிப் பாடினார். அவர் மறைந்தது 2024 செப்டம்பரில். வேறு நல்ல சொல் கைவசம் இல்லாததால் இரண்டு வகையையும் இக்கட்டுரை அஞ்சலி என்றே குறிப்பிடுகிறது.

அஞ்சலிக் கச்சேரியின் வேரை ப்ளூபேர்ட் கஃபேயில் பார்க்கலாம். 1982-இல் நாஷ்வில்லில் ஒரு சிறு கடை வரிசையில் திறக்கப்பட்ட அந்த உணவகத்தில் சுமார் 90 பேர் உட்காரலாம். 1985 முதல் அங்கே பாடலாசிரியர்கள் மேடையை விட்டிறங்கி, கூடத்தின் நடுவில் ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடத் தொடங்கினார்கள். கேட்பவரின் முழங்கால் கிட்டாரில் இடிக்கும் அளவுக்கு நெருக்கம். வானொலியில் நூறு முறை கேட்ட பாட்டை, முன்பின் பார்த்திராத ஒருவர், அணி இசை எதுவும் இல்லாமல் பாடுவார். 'இவரா எழுதினார்?' என்று கேட்பவர் அப்போதுதான் விழித்துக்கொள்வார். எழுதியவர் போனபின் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருவதே அஞ்சலிக் கச்சேரி என்று கொள்ளலாம்.

டவுன்ஸ் வான் ஸான்ட்டும் ஸ்டீவ் ஏர்லும்

பாடலாசிரியர் டவுன்ஸ் வான் ஸான்ட் 1944-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்து, 1997 ஜனவரி 1 அன்று 52 வயதில் இறந்தார். கன்ட்ரி இசையின் பெரும்பெயர்களில் ஒருவரான ஹாங்க் வில்லியம்ஸ் இறந்ததும் ஒரு ஜனவரி 1 அன்றுதான் என்பதை அவருடைய ரசிகர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள். டவுன்ஸின் சொந்த இசைத்தட்டுகள் விற்பனைப் பட்டியலின் பக்கமே போனதில்லை. 1973 ஜூலையில் ஹூஸ்டன் நகரின் 'ஓல்ட் குவார்ட்டர்' என்ற சிறு மதுக்கூடத்தில் அவர் தனியாகப் பாடிய பாடல்களின் பதிவுகூட நான்கு ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. ஆனால் அவர் 1972-இல் வெளியிட்ட ஒரு பாட்டை எமிலூ ஹாரிஸ் முதலில் எடுத்துப் பாடினார். பின்னர் வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகார்டும் சேர்ந்து பாட, 1983-இல் அது கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பாட்டுக்கு எடுத்த காணொளியில் டவுன்ஸ் மெக்சிகோ காவல் அதிகாரியாகத் தலைகாட்டிவிட்டுப் போகிறார். நாடே முணுமுணுத்த பாட்டுக்கு உடையவர் அதே காட்சியில் துணை நடிகராக நிற்கிறார். பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்?

பாடகரும் பாடலாசிரியருமான ஸ்டீவ் ஏர்ல் டவுன்ஸைச் சந்தித்த கதையை அவரே மேடைகளில் சொல்லிவந்திருக்கிறார். 1972, ஏர்லுக்கு 17 வயது. அதே ஓல்ட் குவார்ட்டரில் அவர் பாடிக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையில் இருந்த டவுன்ஸ், பழைய ரயில் பாட்டொன்றின் பெயரைச் சொல்லி, அதைப் பாடு என்று ஒவ்வொரு இடைவெளியிலும் கத்தினாராம். பையனுக்கு அந்தப் பாட்டு தெரியாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, டவுன்ஸே எழுதிய, சீட்டாட்டத்தைக் கதையாகக் கொண்ட, மூச்சுவிட இடமில்லாமல் சொற்களை அடுக்கிய ஒரு பாட்டைத் தடுமாறாமல் பாடி முடித்தார். அதன்பின் முன்வரிசையிலிருந்து சத்தம் வரவில்லை. எழுதியவர் முன்னாலேயே அவர் பாட்டைப் பாடிக்காட்டிய அந்த இரவையே ஏர்லின் முதல் அஞ்சலியாகக் கணக்கு வைத்தாலும் தவறில்லை.

ஏர்ல் தம் மகனுக்கு ஜஸ்டின் டவுன்ஸ் என்று பெயரிட்டார். 2009-இல் தம் ஆசிரியராகக் கொண்ட டவுன்ஸின் 15 பாடல்களைக் கொண்ட இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அது மறு ஆண்டில் கிராமி விருது பெற்றது. மேற்சொன்ன சீட்டாட்டப் பாட்டு அந்தத் தொகுப்பிலும் உண்டு. தந்தையும் மகனும் அடி மாற்றி அடி பாடியிருக்கிறார்கள். அடுத்து 2019-இல் தம் இன்னொரு ஆசிரியரான கை கிளார்க்கின் பாடல்களுக்கும், 2022-இல் ஜெர்ரி ஜெஃப் வாக்கரின் பாடல்களுக்கும் ஒவ்வொரு தொகுப்பு. இடையில், யாரும் எதிர்பாராததும் நடந்தது: தாமே பாடலாசிரியராகப் பெயரெடுத்திருந்த ஜஸ்டின் 2020 ஆகஸ்ட்டில் 38 வயதில் இறந்தார். அவருடைய பிறந்தநாளான ஜனவரி 4 அன்று, 2021-இல், மகனின் பத்துப் பாடல்களுடன் தம்முடைய ஒரு பாட்டையும் சேர்த்து ஏர்ல் வெளியிட்டார். 2023-இல் அதே தேதியில் நாஷ்வில் ரைமன் அரங்கில் மகனுக்கான அஞ்சலிக் கச்சேரி நடந்தது. 1892-இல் வழிபாட்டுக் கூடமாகக் கட்டப்பட்ட ரைமனில் இன்றும் மக்கள் உட்காருவது தேவாலயத்துக்குரிய நீண்ட மர இருக்கைகளில்தான். அந்த இடத்தில் ஒரு தந்தை மகன் பாட்டைப் பாடுவதைப் பற்றி மேலே விளக்கத் தேவையில்லை. பணத்தின் பக்கத்துக்கு வருவோம்.

ஒரு பாட்டு, இரண்டு சொத்து

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

1. இசைப்படைப்பு: சொல்லும் மெட்டும். இதன் உரிமை பாடலாசிரியருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் சேரும். வருவாயைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வது பழைய வழக்கம்.

2. ஒலிப்பதிவு: ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட குரல் பாடிப் பதிவான வடிவம். இது பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனத்தின் கையில் இருக்கும்.

அஞ்சலிக் கச்சேரி இரண்டாவது சொத்தைத் தொடுவதே இல்லை. டவுன்ஸின் பழைய பதிவு எதுவும் அரங்கில் ஒலிப்பதில்லை. ஏர்ல் தம் குரலில், தம் கிட்டாரில் புதிதாகப் பாடுகிறார். ஆகவே பேச்சு முழுவதும் முதல் சொத்தைப் பற்றியது.

இங்கேதான், அஞ்சலியை வெறும் உணர்ச்சி நிகழ்வாகப் பார்ப்பவர்கள் தவறவிடும் செய்தி இருக்கிறது. ஏர்ல் தாமும் ஒரு பாடலாசிரியர். தம் பாட்டைத் தாமே பாடும்போது பாடியதற்கான பங்கும் எழுதியதற்கான பங்கும் அவருக்கே வருகின்றன. அடுத்தவர் பாட்டைப் பாடும்போது இரண்டாவது பங்கு முழுவதும் அடுத்தவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ போய்விடுகிறது. கணக்கு இப்படி: ஒரு பாட்டைப் புதிதாகப் பதிவுசெய்து விற்றால், எழுதிய தரப்புக்குப் பிரதி ஒன்றுக்கு இவ்வளவு தரவேண்டும் என்று சட்டப்படி ஒரு விகிதம் உண்டு. 2009-இல் அது ஐந்து நிமிடத்துக்கு மிகாத பாட்டுக்கு 9.1 சென்ட். பதினைந்து பாடல்களும் அந்த அளவுக்குள் அடங்குவதாக வைத்துக்கொண்டால், விற்கும் ஒவ்வொரு குறுந்தகட்டுக்கும் 1 டாலர் 36.5 சென்ட் எழுதிய தரப்புக்குச் சேரும். தம் பாடல்களாலேயே தொகுப்பை நிரப்பியிருந்தால் ஏர்லின் தரப்பில் தங்கியிருக்கும் பணம் அது. இந்த விகிதம் 2023-இல் 12 சென்ட்டாகவும், 2024-இல் 12.4 சென்ட்டாகவும் உயர்ந்தது.

மேடையிலிருந்து விலக விலக

மேடையில் நின்று பாடுவதற்குப் பாடகர் தாமாக அனுமதி வாங்க ஏறத்தாழ தேவையே இல்லை. அந்தப் பாட்டு அரங்கை விட்டு வெளியே போகப் போக, வாங்கவேண்டிய அனுமதிகள் கூடிக்கொண்டே போகும். விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு போக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது.

1. நேரடிக் கச்சேரி. அனுமதி வாங்குவது பாடகர் அன்று, பெரும்பாலும் அரங்கம். அமெரிக்காவில் ஆஸ்கேப் (1914), செசாக் (1930), பிஎம்ஐ (1939), ஜிஎம்ஆர் (2013) என முக்கியமான நான்கு உரிமைச் சங்கங்கள் பாடலாசிரியர்களின் சார்பில் கட்டணம் வசூலிக்கின்றன. அரங்கம் இவற்றிடம் மொத்த உரிமம் வாங்கிவிட்டால், அந்தச் சங்கங்களின் பட்டியலில் உள்ள எந்தப் பாட்டையும் அங்கே பாடலாம். ஆஸ்கேப், பிஎம்ஐ இரண்டும் 1941 முதல் நீதிமன்ற உடன்பாட்டுக்குக் கட்டுப்பட்டவை. உரிமம் கேட்டு வருபவரை, கட்டணம் தரத் தயாராக இருக்கும்வரை, மறுக்க முடியாது. என் பாட்டை இந்த மேடையில் பாடாதே என்று ஒரு பாடலாசிரியர் இன்னொரு பாடகரைத் தடுக்கும் செய்தி அமெரிக்கக் கச்சேரி உலகில் அரிதாக இருப்பதற்கு, பெருந்தன்மையைவிட இந்த ஏற்பாடே காரணம். பாடிய பாடல்களின் பட்டியலைச் சங்கத்திடம் ஒப்படைக்க மறந்தால் பணம் உரியவருக்குப் போய்ச்சேராது. சிறிய அரங்குகளில் நடக்கும் அஞ்சலிகளில் நழுவிப்போவது பெரும்பாலும் இந்தத் தாள் வேலைதான்.

2. ஒலிப்பதிவு செய்து வெளியிடுதல். மேடையில் பாடியதை அப்படியே தொகுப்பாக விற்க, அரங்கத்தின் உரிமம் போதாது. இதற்குத் தனி உரிமம் வேண்டும். ஆனால் அது கட்டாய உரிமம்: ஒரு பாட்டு உரியவர் இசைவோடு ஒருமுறை பதிவாகி வெளிவந்துவிட்டால், சட்டவிகிதக் கட்டணம் தந்து எவரும் அதை மீண்டும் பதிவுசெய்யலாம், உரியவர் தடுக்க முடியாது. 1909 முதல் அமெரிக்காவில் இருக்கும் ஏற்பாடு இது. இரண்டு வரம்புகள் உண்டு. தம் பாணிக்கேற்பப் பாட்டை மாற்றியமைக்கலாம், அடிப்படை மெட்டையும் இயல்பையும் மாற்றக்கூடாது. இன்னும் வெளிவராத பாட்டுக்கு இந்த உரிமம் செல்லாது. மறைந்தவரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த, யாரும் கேட்டிராத பாட்டு என்று ஒரு அஞ்சலித் தொகுப்பு விளம்பரம் செய்தால், அதற்குக் குடும்பத்தின் இசைவு தனியாக வாங்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியச் சட்டத்திலும் 2012 திருத்தத்துக்குப்பின் இதுபோன்ற உரிமம் உண்டு; ஆனால் முதல் பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

3. ஒளிப்பதிவு. பாட்டோடு படம் சேர்ந்தவுடன் கட்டாய உரிமம் கைவிட்டுவிடும். வட்டிலோ இணையத்திலோ கச்சேரிக் காணொளியை விற்க, ஒவ்வொரு பாட்டுக்கும் பதிப்பகத்தோடு பேசி இணைப்பு உரிமம், அதாவது பாட்டைப் படத்தோடு சேர்ப்பதற்கான உரிமம், வாங்க வேண்டும். அவர்கள் கேட்பதுதான் விலை, மறுக்கவும் செய்யலாம். கிறிஸ்டோஃபர்சனுக்கான 2016 கச்சேரி மறு ஆண்டில் ஒலியாகவும் ஒளியாகவும் வந்தது. ஒரே பாடலாசிரியரின் பாடல்கள் என்பதால் பேசவேண்டிய கதவுகள் குறைவு. அஞ்சலி நிகழ்ச்சிகள் காணொளியாக வருவதற்கு வாகானவை என்பதன் ரகசியம் இதில் இருக்கிறது.

4. நாடகமாக்குதல். பாடலாசிரியரின் வாழ்க்கையைக் காட்சிகளாக நடித்து, இடையிடையே பாடல்களைக் கதையோடு பொருத்தினால், சங்கங்களின் மொத்த உரிமத்துக்குள் அது அடங்காது. இரண்டு பாட்டுக்கு நடுவில் பாடகர் கதை சொல்வது வேறு, வேடம் கட்டி நடிப்பது வேறு.

5. பெயர், முகம், குரல். சுவரொட்டியிலும் சட்டையிலும் மறைந்தவரின் படத்தை அச்சிட்டு விற்பது பதிப்புரிமையைச் சேர்ந்ததன்று. அது ஒருவருக்குத் தம் பெயர்மீதும் உருவத்தின்மீதும் உள்ள தன்னுரிமை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எல்விஸ் பிரெஸ்லியின் பெயரைச் சுற்றி எழுந்த வழக்குகளுக்குப்பின் டென்னசி மாநிலம் 1984-இல் இறந்தவரின் பெயருக்கும் உருவத்துக்கும் வாரிசுரிமை தந்தது. 2024-இல் குரலையும் அதில் சேர்த்தது. செயற்கை நுண்ணறிவால் குரலைப் போலி செய்வதைத் தடுப்பதே நோக்கம். மறைந்தவரின் குரலை இயந்திரம் பாட, மேடையில் நண்பர்கள் கூடவே பாடும் அஞ்சலிகள் இனி வரும். டென்னசியில் அதற்கு வாரிசுகளின் கையெழுத்து வேண்டும்.

அறக்கொடைக் கச்சேரி என்றால் விலக்கு உண்டா?

பலர் உண்டு என்றே நினைக்கிறார்கள். சட்டத்தில் ஒரு விலக்கு இருப்பது மெய், ஆனால் குறுகியது. பாடுபவருக்கும் ஏற்பாட்டாளருக்கும் ஊதியம் இருக்கக்கூடாது. நுழைவுக்கட்டணம் வாங்கினால் செலவு போக மிச்சம் முழுவதும் கல்வி, சமய, அறப்பணிக்கே போகவேண்டும். அப்போதுகூட உரிமையாளர் முன்கூட்டி எழுத்தில் மறுத்தால் பாட முடியாது. பெரிய அரங்கங்கள் இந்தச் சந்துக்குள் புகுவதில்லை. உரிமம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

குடும்பத்துக்கு உதவ விரும்புபவர்கள் வேறு வழியைப் பிடிக்கிறார்கள். மகனின் பாடல்களைக் கொண்ட 2021 தொகுப்பிலிருந்து தமக்கு வரும் முன்பணத்தையும் உரிமத்தொகையையும் ஏர்ல் தம் பேத்திக்கென அமைத்த அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். பாடல்களை எழுதியதற்கான பங்கு எப்படியும் எழுதியவரின் வாரிசுக்கு உரியது. பாடியதற்கான தம் பங்கையும் அதனோடு சேர்த்துவிட்டால், ஒரே தொகுப்பின் இரண்டு ஓடைகளும் ஒரே இடத்தில் கூடும்.

அஞ்சலி ஒரு பாட்டுக்கு என்ன செய்கிறது

புதிய குரலில் ஒரு பாட்டு வரும்போது, கேட்டவர் பழைய பதிவைத் தேடிப்போகிறார். அங்கே ஒலிப்பதிவு உரிமையாளருக்கும் வருவாய் பிறக்கிறது. இது எல்லாரும் சொல்லும் பலன். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று: எந்தப் பாட்டு பிழைக்கும் என்பதை அஞ்சலிகள் தீர்மானிக்கின்றன. ஒரு பாடலாசிரியர் இருநூறு பாட்டு எழுதியிருந்தாலும் மேடைக்கு வருவது இருபது. அடுத்த அஞ்சலிக்காரர் முந்தையவரின் பட்டியலைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார். மீதி நூற்றெண்பதும் பதிப்பகத்தின் கோப்பில் தூங்குகின்றன. ஏர்லைப் போல ஆசிரியரோடு பழகிய ஒருவர் பட்டியலில் இல்லாத ஒன்றை எடுத்துப் பாடும்போதுதான் அந்தக் கதவு திறக்கிறது. நட்சத்திரங்களைக் கூட்டி நடத்தும் பெரிய அரங்க நிகழ்ச்சிகளில் அது அபூர்வம்.

பழகியவர்களிடம் மட்டுமே வாய்க்கும் இன்னொன்றும் உண்டு. 1997 ஜனவரியில் டவுன்ஸின் இரங்கல் கூட்டத்தில் முதலில் பாட எழுந்த கை கிளார்க், இந்தக் கச்சேரிக்கு முப்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே தேதி கொடுத்துவிட்டேன் என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு நண்பரின் பாட்டைப் பாடினார். கிளார்க் 2016-இல் இறந்தபோது அவருக்காகப் பாடியவர்களில், இளவயதில் அவருடைய குழுவில் சேர்ந்து தொழில் கற்ற ஏர்லும் ஒருவர்.

இந்தச் சங்கிலி எவ்வளவு காலம் பணமும் ஈட்டும் என்பதற்கும் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. 1978-க்குப் பின் எழுதப்பட்ட பாடல்களுக்கு, எழுதியவர் இறந்த ஆண்டுக்குப்பின் 70 ஆண்டுகள். டவுன்ஸுக்கு அது 2067 டிசம்பர் 31-இல் முடிகிறது. 1972-இல் பதிப்புரிமை தொடங்கிய பாடல்களுக்கு 95 ஆண்டுகள். அதுவும் 2067 டிசம்பர் 31-இல்தான் முடிகிறது. மறுநாள் முதல் எந்த அரங்கிலும் எவரும் யாருக்கும் ஒரு சென்ட்கூடத் தராமல் அவற்றைப் பாடலாம். அந்த மறுநாள் 2068 ஜனவரி 1, அவருடைய நினைவுநாள்.